காரில் பாட்டு: கம்பெனி பொருத்தியதா, கடையில் பொருத்தியதா?

அமாவாசை இரவில் மேல்மலையனூருக்குப் போயிருக்கிறீர்களா? அங்காளம்மனின் ஊஞ்சல் உற்சவத்தைக் காண நள்ளிரவுக்கு முன்பே பல்லாயிரம் பேர் கூடிவிடுவார்கள். ஊருக்கு வெளியே வேன்களும் கார்களும் வரிசை வரிசையாக நின்றிருக்கும். அவ்வரிசைகளுக்கு இடையே நடந்து செல்லும்போது ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். கதவும் கண்ணாடியும் இறுக மூடிய காருக்குள் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். வெளியே நிற்கும் நமக்கோ பாட்டும் கேட்காது, பாடுபவர் ஆணா பெண்ணா என்பதும் தெரியாது. 'தும், தும்' என்ற அதிர்வு மட்டும் வந்து மார்பில் முட்டும்.

இதற்குக் காரணம் எளியது. கார்க் கதவின் மெல்லிய தகடும் கண்ணாடியும் உயர்ந்த அதிர்வெண் கொண்ட ஒலிகளைப் பெரும்பாலும் தடுத்து நிறுத்திவிடுகின்றன. தாழ்ந்த அதிர்வெண் ஒலி வரும்போதோ அவையே அசைந்து கொடுக்கின்றன. அதாவது காரின் உடலும் பாட்டோடு சேர்ந்து அதிர்கிறது. வீட்டுக்கு ஒரு வானொலிப் பெட்டி வாங்கினால், பாடும் ஸ்பீக்கரும் அதைத் தாங்கும் பெட்டியும் சேர்ந்தே வருகின்றன. காருக்கு நாம் ஸ்பீக்கரை மட்டும்தான் வாங்குகிறோம். பெட்டியாக வேலை செய்வது கார்க் கதவு!

இதை மனத்தில் வைத்துக்கொண்டு, இன்று கார் வாங்கப் போகும் பல குடும்பங்களில் எழும் ஒரு கேள்விக்கு வருவோம். கார்க் கம்பெனியே புகழ்பெற்ற ஒலிநிறுவனத்தின் பெயரைப் பொறித்துப் பொருத்தித் தரும் உயர்வகை ஒலியமைப்பைக் கூடுதல் விலை கொடுத்து வாங்குவதா? அல்லது விலை குறைந்த மாடலை வாங்கிக்கொண்டு, வெளியே ஒரு கடையில் நமக்குப் பிடித்ததைப் பொருத்திக்கொள்வதா? இக்கேள்வியில் பணமும் இருக்கிறது, காதும் இருக்கிறது. சில வேளைகளில் நள்ளிரவில் கார் கிளம்புமா கிளம்பாதா என்பதும் இருக்கிறது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

கடைச் சரக்குதான் மூத்தது

கார் கம்பெனிகளுக்கு முன்பே காரில் வானொலியை வைத்தவர்கள் வெளியாட்களே. அமெரிக்காவின் சிகாகோ நகரில் பால் கால்வின் என்பவரின் நிறுவனம் 1930-இல் 'மோட்டோரோலா' என்ற பெயரில் கார் வானொலியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்னாளில் அந்தப் பெயரே நிறுவனத்தின் பெயராகிவிட்டது. ஜெர்மனியில் புளாபங்க்ட் நிறுவனம் 1932-இல் தன் கார் வானொலியை வெளியிட்டபோது, அதன் விலை ஒரு சிறு காரின் விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு!

நம் நாட்டு நிலையும் நெடுங்காலம் இதுவே. அம்பாசடரும் பத்மினியும், 1983-இல் வந்த மாருதி 800-உம் பெரும்பாலும் ஊமைகளாகவே வீட்டுக்கு வந்தன. வாங்கியவர் சென்னைக்குப் போய், ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் உள்ள கடைகளில் ஒன்றில் காரை ஒரு பகல் முழுவதும் நிறுத்திவைத்துக் கேசட் கருவி பொருத்திக்கொண்டு திரும்புவார். இதை எளிதாக்கியது ஓர் அளவுத்திட்டம். கருவியை நுழைக்கும் துளை 180 மி.மீ. அகலம், 50 மி.மீ. உயரம் என்று உலகெங்கும் ஏற்கப்பட்டிருந்தது. எந்தக் கம்பெனிக் கருவியும் எந்தக் காரிலும் நுழையும். இந்தத் துளையைப் போல வாடிக்கையாளருக்கு நன்மை செய்த துளை வேறொன்று இருக்குமா என்பது எனக்கு ஐயமே.

நிலைமை மாறத் தொடங்கியதும் அதே 1983-ஆம் ஆண்டு மாடல்களில்தான். மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியராக இருந்த அமர் போஸின் நிறுவனம், ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் கேடிலாக் செவில் உள்ளிட்ட சில கார்களுக்கென்றே ஓர் ஒலியமைப்பை வகுத்துக் கொடுத்தது. (அமர் போஸின் தந்தை வங்காளத்திலிருந்து அமெரிக்கா சென்ற விடுதலைப் போராட்ட வீரர்.) அதன் புதுமை ஸ்பீக்கரில் மட்டும் இல்லை. காருக்குள் மனிதர் உட்காரும் இடத்தில் ஒலியை அளந்து, அந்தக் காரின் கண்ணாடியும் இருக்கையும் செய்யும் கோளாறுகளுக்கு ஏற்ப முன்கூட்டியே ஒலியைத் திருத்தி அனுப்பியதில்தான் இருந்தது.

இன்று அந்த முறை நம் வாசலுக்கே வந்துவிட்டது. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையில் உருவாகும் கிரெட்டாவின் உயர்வகைகளில் 2020 முதல் 8 ஸ்பீக்கர் கொண்ட போஸ் அமைப்பு வந்தது. 2019-இல் வந்த டாட்டா ஹேரியரில் 9 ஸ்பீக்கருடன் ஜே.பி.எல். பெயர் இருந்தது. 2021-இல் வந்த மகிந்திரா எக்ஸ்.யு.வி. 700-இல் 12 ஸ்பீக்கருடன் சோனி. இந்தக் காரின் பொறியியல் பணி நடந்த ஆய்வு மையம் செங்கற்பட்டுக்கு அருகில் இருக்கிறது. சென்னையிலிருந்து திண்டிவனம் வழியாக மேல்மலையனூர் போகிறவர்கள் அந்தப் பக்கமாகத்தான் போகிறார்கள்.

பெயர்களைக் கண்டு மயங்குவோருக்கு ஒரு செய்தி. ஜே.பி.எல்., இன்ஃபினிட்டி, ஹார்மன் கார்டன் ஆகிய மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஹார்மன் என்னும் அந்த வீட்டை 2017-இல் சாம்சங் வாங்கிவிட்டது. இதே பெயர்களில் கடையிலும் ஸ்பீக்கர்கள் கிடைக்கின்றன. கதவில் பொறித்த பெயரும் கடைப்பெட்டியில் அச்சிட்ட பெயரும் ஒன்றாக இருக்கலாம். உள்ளே இருக்கும் பொருளும் ஒன்றுதான் என்று அதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது.

ஒரு துண்டு அட்டை சொல்லும் பாடம்

மாணவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. பழுதான ரேடியோ ஒன்றிலிருந்து 4 அங்குல ஸ்பீக்கரைக் கழற்றி, நீண்ட கம்பிகளால் வேறொரு கருவியுடன் இணைத்துக் கையில் பிடித்துப் பாடவிடுங்கள். ஒலி தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். பிறகு ஒரு பெரிய, தடித்த அட்டையில் ஸ்பீக்கர் அளவுக்குத் துளை வெட்டி, அதை அத்துளையின்மேல் அழுத்திப் பிடியுங்கள். காணாமற்போன மிருதங்கத்தின் தொப்பி திடீரென்று கேட்கத் தொடங்கும்.

ஸ்பீக்கரின் கூம்பு முன்னே தள்ளும்போது முன்புறக் காற்று நெருங்குகிறது, பின்புறக் காற்று தளர்கிறது. தாழ்ந்த அதிர்வெண்ணில் ஒலி அலைகள் மிக நீண்டவை. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 3.4 மீட்டர். எனவே பின்புற ஒலி ஸ்பீக்கரின் விளிம்பைச் சுற்றி முன்னே வந்து, முன்புற ஒலியை அடித்துவிடுகிறது. அட்டை அவ்வழியை அடைக்கிறது. அவ்வளவுதான்.

இப்போது கார்க் கதவின் உள் அட்டையைக் கழற்றிப் பாருங்கள். உள்தகட்டில் கை நுழையும் அளவுக்குப் பல துளைகள் இருக்கும். அவற்றின்மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். அட்டைச் சோதனையில் நாம் முதலில் கேட்ட தகர டப்பா ஒலி இங்கும் பிறக்கிறது. 2000 ரூபாய் ஸ்பீக்கரை எடுத்துவிட்டு 10,000 ரூபாய் ஸ்பீக்கரை இதே ஓட்டைக் கதவில் மாட்டினால் என்ன ஆகும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். துளைகளை அடைத்து, வெளித்தகட்டின் உட்புறத்தில் பியூட்டைல் ரப்பர் ஒட்டிய அலுமினியத் தாளைப் பதித்தால் தகடு அதிர்வது அடங்கும். கடைகளில் இதை 'டேம்பிங் ஷீட்' என்பார்கள். கண்ணுக்குத் தெரியாத இந்த வேலைக்குப் பணம் கேட்டால் வாடிக்கையாளர் முகம் சுளிக்கிறார் என்பதால், பல கடைக்காரர்கள் இதைப் பேசுவதே இல்லை.

ஓர் எச்சரிக்கை. கதவின் அடிவிளிம்பில் சிறு துளைகள் இருக்கும். மழைநீர் கண்ணாடி வழியாக உள்ளே இறங்கி, அவற்றின் வழியாகத்தான் வெளியேறுகிறது. ஆர்வ மிகுதியில் அவற்றையும் அடைத்துவிட்டால் ஐப்பசி மழையில் கதவுக்குள் குளம் கட்டும், தகடு துருப்பிடிக்கும். காகிதக் கூம்பு கொண்ட ஸ்பீக்கராக இருந்தால் அதுவும் ஊறிப்போகும்.

50 வாட் என்னும் பொய்

கடையில் கருவியின் பெட்டிமேல் '50 வாட் × 4' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். பத்தாம் வகுப்பு இயற்பியல் தெரிந்த மாணவரே இதைச் சோதித்துவிடலாம்.

என்ஜின் ஓடும்போது கார் மின்னழுத்தம் ஏறத்தாழ 14.4 வோல்ட். கருவிக்குள் இருக்கும் பெருக்கி இந்த மின்னழுத்தத்தைக்கொண்டே ஸ்பீக்கரை இயக்கியாக வேண்டும். ஆகவே அது எட்டக்கூடிய உச்சம் 14.4 வோல்ட். சீரான அலைக்கு இதன் சராசரி வர்க்கமூல மதிப்பு சுமார் 10.2 வோல்ட். ஸ்பீக்கரின் மின்தடை 4 ஓம். 10.2-ஐ அதனாலேயே பெருக்கி 4-ஆல் வகுத்தால் 26 வாட் கிடைக்கும். எந்த இழப்பும் இல்லை என்று வைத்துக்கொண்டாலே இதுதான் எல்லை. நடைமுறையில் தெளிவான ஒலி 20 வாட்டுக்குச் சற்று முன்பின்னாகவே நின்றுவிடும். இனி கருவியின் பின்புறத்தைப் பாருங்கள். அங்கே 10 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தால், அது தொடர்ந்து உள்ளே விடக்கூடிய மொத்தத் திறன் 144 வாட்தான். 144 வாட்டை உண்டு 200 வாட்டை வெளியிடும் கருவியைக் கண்டுபிடித்தவருக்கு நோபல் பரிசு கொடுக்காமல் கார்க் கடையில் உட்காரவைத்திருக்கிறோமே!

நேர்மையான அளவுமுறையும் இருக்கிறது. 2003-இல் அமெரிக்க மின்னணுத் தொழிலமைப்பு வகுத்த 2006-ஆம் எண் தரநிலையின்படி, 14.4 வோல்ட்டில், 4 ஓம் சுமையில், ஒலிச்சிதைவு 1 சதவீதத்தைத் தாண்டாமல் கிடைக்கும் தொடர்திறனையே குறிக்க வேண்டும். அந்தக் குறிப்பு இருக்கும் பெட்டியை நம்புங்கள். 'உச்சத் திறன்' என்று மட்டும் போட்டிருந்தால் அதை அலங்கார எழுத்தாகக் கொள்ளுங்கள்.

வாட்டை இரட்டிப்பாக்கினாலும் ஒலி 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இருமடங்கு உரக்கக் கேட்க வேண்டுமானால் ஏறத்தாழ பத்து மடங்கு திறன் தேவை. ஆகவே ஸ்பீக்கரின் உணர்திறனைக் கேளுங்கள். 88 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதிலாக 91 டெசிபல் ஸ்பீக்கரை வாங்கினால், பெருக்கியின் திறனை இரட்டிப்பாக்கியதற்குச் சமம்.

இரண்டு கார்கள், ஒரே பாதை

கணக்கு போதும்; காதால் கேட்டுப் பார்ப்போம் என்று அண்மையில் ஓர் அமாவாசையன்று கிளம்பினோம். என் நண்பர் ஒருவரிடம், கம்பெனி பொருத்திய உயர்வகை ஒலியமைப்புள்ள கார் இருக்கிறது. என் சித்தப்பா மகன், அதே அளவுள்ள வேறொரு காரின் விலை குறைந்த மாடலை வாங்கி, கடையில் நான்கு ஸ்பீக்கர், தனிப் பெருக்கி, டிக்கியில் ஒரு குழல் வடிவ சப்-ஊஃபர் ஆகியவற்றைப் பொருத்தியிருக்கிறான். கார்களின் பெயரும் கடையின் பெயரும் இங்கே வேண்டாம். திண்டிவனத்திலிருந்து செஞ்சி, வளத்தி வழியாக மேல்மலையனூர். பாதி வழியில் நான் காரை மாற்றிக்கொண்டேன்.

கேட்பதற்கு நான்கு பதிவுகளை எடுத்துச் சென்றிருந்தேன். வானொலிச் செய்தி ஒன்று, தனி நாகசுவரம் ஒன்று, 1986-இல் வந்த இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' இசைத்தொகுப்பு. நான்காவது, அங்காளம்மன் வழிபாட்டுக்கே உரிய பம்பையும் உடுக்கையும். பம்பை ஒரு கார் ஒலியமைப்புக்கு நல்ல பரீட்சை. அதில் இரண்டு முழவுகள் ஒன்றாகக் கட்டியிருக்கும். ஒன்று மரத்தால் ஆனது, மற்றது உலோகத்தால் ஆனது. இரண்டும் தனித்தனியே கேட்கின்றனவா, இரண்டும் குழைந்து ஒரே இடியாகிவிடுகின்றனவா என்பதில் ஒலியமைப்பின் தரம் வெளிப்பட்டுவிடும்.

நண்பரின் காரில் முதலில் கவனத்தைக் கவர்ந்தது குரல் இருந்த இடம். செய்தி வாசிப்பவர் முன்கண்ணாடிக்கு நேரே, நடுவில் அமர்ந்திருப்பதுபோல் கேட்டது. இது தற்செயல் அன்று. நம் நாட்டில் ஓட்டுநர் வலப்புறம் உட்காருகிறார். வலக்கதவு ஸ்பீக்கரைவிட இடக்கதவு ஸ்பீக்கர் அவருக்கு ஏறத்தாழ அரை மீட்டர் தள்ளி இருக்கிறது. அரை மீட்டரைக் கடக்க ஒலிக்கு 1.5 மில்லி விநாடி ஆகும். இவ்வளவு சிறிய முந்துதலே போதும்; முதலில் வரும் ஒலியின் பக்கமே குரல் இருப்பதாக நம் மூளை முடிவு செய்துவிடும். கம்பெனி அமைப்பில் உள்ள எண்முறைச் சில்லு இப்படிப்பட்ட வேறுபாடுகளைக் கணக்கிட்டு ஒலியைச் சரிக்கட்டுகிறது. பம்பையின் இரு முழவுகளும் பிரிந்து கேட்டன. நாகசுவரம் சற்று மழுங்கியது. சீவாளியின் கரகரப்பைக் குறைத்து, எல்லோருக்கும் இனிமையாக இருக்கட்டும் என்று யாரோ எங்கோ முடிவு செய்துவிட்டதுபோல் தோன்றியது. ஒலியைக் கூட்டியபோது இன்னொன்றும் தெரிந்தது. குரல் உரத்தது, ஆனால் பம்பை அதே அளவில் உயரவில்லை. சிறிய ஸ்பீக்கர்கள் கிழிந்துவிடாமல் காப்பதற்காக, ஒலி கூடக் கூடத் தாழ்ந்த அதிர்வெண்களைக் குறைத்துக்கொண்டே போகும்படி பல கம்பெனி அமைப்புகளை வகுத்திருப்பார்கள். உத்தரவாதக் காலத்தில் பழுது வரக் கூடாதே என்ற கவலை அது. கேட்பவருக்குச் சொல்லாமல் செய்கிறார்கள் என்பதே என் குறை.

செஞ்சியில் தேநீர் குடித்துவிட்டு அடுத்த காரில் ஏறினேன். "அண்ணா, இப்ப கேளுங்க, வித்தியாசம் தெரியும்" என்றான் தம்பி. தெரிந்தது. கதவு நடுங்கியது, பின்கண்ணாடி நடுங்கியது, பின் எண் பலகையும் கிடுகிடுத்தது. செய்தி வாசிப்பவர் என் வலது முழங்காலுக்கு அருகில் உட்கார்ந்து பேசினார். பம்பையின் மர முழவு டிக்கியிலிருந்தும் உலோக முழவு கதவிலிருந்தும் தனித்தனியே கிளம்பி, ஒன்றையொன்று துரத்தின. ஆனால் நாகசுவரம்! அதில் உயிர் இருந்தது. கடைக்காரர் கொடுத்திருந்த முன்கதவு ஸ்பீக்கர்கள் உண்மையிலேயே நல்லவை. நண்பரின் காரில் மழுங்கியிருந்த கரகரப்பு முழுவதும் இங்கே கேட்டது. நல்ல சரக்கைத் தவறாகப் பொருத்தியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

வளத்திக்கு அருகே ஒரு புளியமரத்தடியில் காரை நிறுத்தினோம். சப்-ஊஃபரின் அளவைப் பாதிக்கும் கீழே குறைத்தோம். சிறு காரின் உட்புறம் ஏறத்தாழ 3 மீட்டர் நீளந்தான். அதில் சுமார் 60 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலிகள் அலையாக ஓட இடமின்றி, உள்ளே இருக்கும் காற்றை மொத்தமாக அழுத்தித் தளர்த்துகின்றன. இதனால் தாழ்ந்த ஒலி இயல்பாகவே பெருகிவிடும். வீட்டுக் கூடத்துக்குத் தேவைப்படும் சப்-ஊஃபர் காருக்குத் தேவையே இல்லை. பிறகு முகப்புக் கருவியின் அமைப்புகளுக்குள் தேடினோம். 'டைம் அலைன்மென்ட்' என்னும் பகுதி அதில் இருந்தது. பொருத்திய நாள் முதல் அதை யாரும் தொடவில்லை! அளவுநாடாவால் என் காதிலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் உள்ள தூரத்தை அளந்து பதிவு செய்தோம். செய்தி வாசிப்பவர் முழங்காலைவிட்டு எழுந்து முன்கண்ணாடிக்குப் போனார். தம்பி சிறிது நேரம் பேசவில்லை. "இதுக்கா ஆறு மாசமா இன்னொரு ஆம்ப் வாங்க காசு சேக்கறேன்?" என்றான்.

செலவு ஒரு ரூபாய்கூட இல்லை. கதவு நடுக்கத்துக்கு மட்டும் மருந்து பாக்கி இருந்தது.

என் தீர்ப்பு

பொருத்தி விற்கப்பட்ட நிலையில் இரண்டையும் ஒப்பிட்டால் கம்பெனி அமைப்பே வென்றது. வென்றது ஸ்பீக்கரின் உயர்வால் அன்று. அந்தக் காருக்கென்று யாரோ உட்கார்ந்து அளந்து சரிசெய்த உழைப்பால். கடை அமைப்பிலும் அதே உழைப்பைப் போட்டால் அது முந்திவிடும். நம் ஊர்களில் பெரும்பாலும் அந்த உழைப்பு விற்கப்படுவதில்லை, பெட்டிகள்தாம் விற்கப்படுகின்றன. ஆகவே உங்கள் அளவுநாடாவையும் பொறுமையையும் நீங்களே கொண்டுவர முடியுமா என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் எப்படியும் வாங்கவிருக்கும் மாடலிலேயே உயர்வகை ஒலியமைப்பு வருகிறதென்றால் மறுபேச்சின்றி எடுத்துக்கொள்ளுங்கள். அதற்காகவே ஒரு படி மேலே ஏறுவது வீண். பல கார்களில் அந்த ஒரு படிக்கு ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருக்கும். அதில் கூரைக் கண்ணாடி, தோல் உறை, அழகுச் சக்கரம் எல்லாம் உங்களைக் கேட்காமலே சேர்ந்துகொள்ளும். வரி இன்னொரு பொறி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் திருத்திய விகிதப்படி, 5 முதல் 10 லட்சம் ரூபாய் வரையிலான காருக்கு வாழ்நாள் வரி 13 சதவீதம். 10 லட்சத்தைத் தாண்டினால் 18 சதவீதம். 9,90,000 ரூபாய்க் காருக்கு வரி 1,28,700 ரூபாய். பாட்டுக்காகப் படியேறி 10,50,000 ரூபாய்க் காரை எடுத்தால் வரி 1,89,000 ரூபாய். வரியில் மட்டும் கூடிய இந்த 60,300 ரூபாயில், இரண்டு நல்ல முன்கதவு ஸ்பீக்கர்கள், கதவுத் தாள், அளவான பெருக்கி மூன்றையும் பொருத்திக்கொண்டு மிச்சமும் பிடிக்கலாம்.

ஒருவர் கம்பெனி அமைப்பை வாங்கியபின் அதில் கை வைக்க நினைத்தால் இரட்டிப்பு எச்சரிக்கை தேவை. அதில் 2 ஓம் ஸ்பீக்கர்கள் இருப்பதுண்டு. அவற்றை எடுத்துவிட்டுக் கடையின் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் அதே மின்னழுத்தத்தில் கிடைக்கும் திறன் பாதியாகிவிடும். 'புது ஸ்பீக்கர் போட்டும் சத்தம் குறைந்துவிட்டதே' என்று பலர் திகைப்பது இதனால்தான். மேலும், முகப்புக் கருவியிலிருந்து வரும் ஒலி பழைய ஸ்பீக்கருக்காக ஏற்கெனவே வளைத்துத் திருத்தப்பட்டது. ஒருவருடைய மூக்குக் கண்ணாடியை மற்றொருவர் மாட்டிக்கொண்டால் என்ன ஆகுமோ அதுதான் இங்கும் ஆகும்.

கம்பெனிகள்மீது எனக்குள்ள பெரிய மனத்தாங்கல் வேறு. அந்த 180 × 50 மி.மீ. துளையை அவர்கள் மூடிவிட்டார்கள். இன்றைய அகன்ற திரையில் பாட்டு, குளிரூட்டி, பின்பக்கக் காமிரா எல்லாம் ஒன்றாகப் பிணைந்திருக்கின்றன. உத்தரவாதம் முடிந்தபின் அத்திரை பழுதானால், பாட்டுக் கருவியை மட்டும் மாற்றிவிட முடியாது. இந்திய அரசின் நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் தொடங்கிய 'பழுதுபார்க்கும் உரிமை' இணையதளத்தில் மோட்டார் வாகனத்தையும் ஒரு பிரிவாகச் சேர்த்திருக்கிறார்கள். கார் வாங்குமுன் விற்பனையாளரிடம் அத்திரையின் தனி விலையை எழுத்தில் கேளுங்கள். அவர் தயங்கும் நேரத்தைக் கொண்டே விலையை ஊகிக்கலாம்.

கடைக்குப் போகிறவர் கவனிக்க வேண்டியவை வேறு. காரின் கம்பிகளை வெட்டவிடாதீர்கள். அந்தக் காருக்குரிய கப்ளர் கிடைக்கும், அதைக்கொண்டே இணைக்கச் சொல்லுங்கள். வெட்டிய கம்பியைக் காட்டி உத்தரவாதத்தை மறுக்க வழியுண்டு. பாட்டரியிலிருந்து பெருக்கிக்குத் தனிக் கம்பி போனால், பாட்டரியிலிருந்து அரை மீட்டருக்குள் ஃபியூஸ் இருந்தே ஆக வேண்டும். இல்லையேல் கம்பி எங்காவது உரசித் தகட்டைத் தொடும் நாளில் தீப்பற்றும். கம்பி முழுச் செம்பா, செம்பு பூசிய அலுமினியமா என்று நுனியைச் சுரண்டிப் பாருங்கள்; உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அதன் மின்தடை செம்பைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. பிறகு பொருத்தியதன் பில்லைக் காப்பீட்டு நிறுவனத்துக்குக் காட்டிக் கூடுதல் பிரீமியம் கட்டிவிடுங்கள். கம்பெனி பொருத்தாத மின்கருவிகளைத் தனியே குறிப்பிடாவிட்டால் அவை திருடு போனால் இழப்பீடு கிடைக்காது.

நள்ளிரவில் கார் கிளம்புமா என்று தொடக்கத்தில் சொன்னேன். தம்பிக்கு அதற்கு முந்தைய அமாவாசையில் நேர்ந்தது அது. ஊஞ்சல் முடியும் வரை காருக்குள் பாட்டுக் கேட்டபடி குடும்பம் காத்திருந்தது, என்ஜினை நிறுத்திவிட்டு. சிறு காரின் பாட்டரி 35 ஆம்பியர் மணி. பெருக்கியும் சப்-ஊஃபரும் சேர்ந்து 8 ஆம்பியர் இழுத்தால் இரண்டரை மணி நேரத்தில் 20 ஆம்பியர் மணி தீர்ந்துவிடும். பாதிக்குமேல் வடிந்த பழைய பாட்டரியால் ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுழற்ற முடியவில்லை. இரவு ஒரு மணிக்கு, பின்னால் ஐம்பது வண்டிகள் ஹாரன் அடிக்க, முன்பின் தெரியாத நாலு பேர் தள்ளித்தான் கார் நகர்ந்ததாம். கம்பெனி அமைப்புகள் பலவற்றில் என்ஜின் நின்று சிறிது நேரம் ஆனதும் பாட்டும் தானாக நின்றுவிடும். அது எரிச்சலூட்டுகிறது என்று நண்பர் என்னிடம் குறைப்பட்டிருக்கிறார். அன்றிரவுக் கதையைக் கேட்டபின் அவர் அதைப்பற்றிப் பேசுவதில்லை.

நாங்கள் போன இரவில் தம்பி பாட்டை நிறுத்திவிட்டுக் கோவிலுக்கு வந்தான். திரும்பிய மறுவாரம் கதவுத் துளைகளை அடைத்து டேம்பிங் ஷீட் ஒட்டிக்கொண்டான். அடிவிளிம்புத் துளைகளை விட்டுவைத்தான். குழல் சப்-ஊஃபரைக் கழற்றி விற்றுவிட்டான். டிக்கியில் அது இருந்த இடத்தில் இப்போது ஒரு கோரைப்பாயும் இரண்டு தண்ணீர்க் கேன்களும் இருக்கின்றன.